சாமி இல்லைங்க, பிள்ளை

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் நல்லெண்ணெய் வாடை. யாரோ உன் கல் பிள்ளைக்கு எண்ணெய்க் காப்பு செய்து, நெற்றியில் விபூதிப் பட்டையும் போட்டிருக்கிறார்கள். விஜயதசமி அல்லவா. நீ உயிரோடு இருந்திருந்தால் கோபத்தில் குதித்திருப்பாய். சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

கப்பல் வேலைக்குப் போன நீ பிலிப்பைன்ஸிலிருந்து வாங்கி வந்த சிலை அது. அந்த வருஷம் நம் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள்தான். இப்படியே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. தலைமையாசிரியனான நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோருக்கும் வேன் வருகிற பள்ளிதான் வேண்டும். நாம் இரண்டு பேரும் படித்த இடம் போகப்போகிறதே என்று உன்னிடம் அழுதேவிட்டேன். மறுநாள் உன் வீட்டுக் கூடத்திலிருந்த சிலையை வைக்கோல் சுற்றி, டிராக்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாய். அந்த நாட்டுப் பழைய பாணிச் சிற்பம். மடியில் புத்தகம், வரியில் விரல், சோறு தண்ணி மறந்து குனிந்த முகம். இதைப் பார்க்கிற பிள்ளைக்குப் படிக்க ஆசை வரும் என்றாய்.

பிள்ளைகளுக்கு ஆசை வந்ததோ இல்லையோ, அம்மாக்களுக்குப் பக்தி வந்துவிட்டது. மூன்றாம் நாளே செம்பருத்தி மாலை. பிறகு 'படிப்புச் சாமி' என்று பெயர். கடவுளே இல்லை என்று டீக்கடையில் வாதாடுகிற நீ, வெயிலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாய்: "சாமி இல்லைங்க, பிள்ளை. படிக்குது, விடுங்க."

யார் கேட்டார்கள்? விஜயதசமிக்கு, சாமி முன்னால் நெல்லில் 'அ' எழுதவைக்க நாலு ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். வந்தவர்களை விடாமல் சேர்க்கைப் படிவத்தை நீட்டினேன். நீ முறைத்துக்கொண்டே பேனா எடுத்துக் கொடுத்தாய். "பள்ளிக்கூடம் பொழைச்சுது. நான்தான்டா தோத்துட்டேன்," என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகும் வருஷா வருஷம் வருகிறார்கள். இன்று ஒரு சிறுமியின் தலையை அவள் அம்மா கும்பிடச் சொல்லி அழுத்தினாள். சிறுமி கை கூப்பவில்லை. சிலையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல் புத்தகத்தை எட்டிப் பார்த்து, என்னிடம் கேட்டாள்: "சார், இந்தப் பாப்பா என்ன படிக்குது?"

அவள் பெயரைத்தான் இன்று சேர்க்கைப் பதிவேட்டில் முதலில் எழுதினேன். நீ தோற்கவில்லையடா. 'சாமி இல்லை, பிள்ளை' என்ற உன் வாதத்தை வருகிறவர்களிடமெல்லாம் நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு ஒருத்திக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.