சித்தப்பா ஆற்றைக் கடந்த நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கென்ன தெரியும்.

சித்தப்பாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். நிதித்துறையில் நீ எழுதிய குறிப்பை வைத்துத்தான் நம் ஊர்ப் பாலத்தின் வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற என்னைப் பார்த்து, "பொண்ணு அப்பன் வேலையைக் காப்பாத்திட்டா" என்று டீக்கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். பாலம் வந்திருந்தால் படகு ஏது, என் வேலை ஏது. ஆனால் அதற்குப் பிறகு ஊர் என்ன ஆயிற்று என்று நீ பார்க்கவில்லை. முதலில் பாலத்து ஆட்கள் மூட்டை கட்டினார்கள், அவர்கள் இருந்த வாடகை வீடுகள் காலியாயின, சாப்பாட்டுக் கடை மூடியது, தையற்கடை மூடியது, கடைசியில் அந்த டீக்கடைக்காரரும் பூட்டிவிட்டுப் போனார். அந்தப் பாலத்தில் வெல்டராக இருந்த உன் சித்தப்பா ஒரு வருஷம் சும்மா இருந்தான். நாடு முதலில் வளரட்டும், வரி வரட்டும், அப்புறம்தான் அரசாங்கம் செலவு பண்ண முடியும் என்று நீ போனில் சொன்னபோதும் அவன் கோபப்படவில்லை. "பாலம் வந்தாத்தானே வண்டி வரும், வண்டி வந்தாத்தானே வரி வரும், இதுல எது முன்னாடின்னு எனக்குத் தெரியலம்மா" என்றான், அவ்வளவுதான். அடுத்த வாரம் கப்பல் உடைக்கும் இடத்துக்கு வேலைக்குப் போனான். நாலாவது மாதம் இரும்புத் தகடு அவன்மேல் சரிந்தது.

அவனைப் படகில்தான் கொண்டுவந்தோம். பாதிப் பாலத்தில் அவன் பற்றவைத்த கடைசி விட்டத்துக்குக் கீழே வந்ததும் படகோட்டி மோட்டாரை அணைத்துவிட்டார், யாரும் சொல்லவில்லை. சித்தி அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் உன் போனை எடுக்காதது அதனால்தான், சிக்னல் இல்லை என்று அம்மா சொன்னது பொய். கஜானாவில் இல்லாததை நீ எங்கிருந்து கொண்டுவருவாய் என்றும் நினைக்கிறேன், தம்பி முகம் ஞாபகம் வந்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. சித்திக்கு என்னைவிடப் பெரிய மனசு. "அவ எழுதலேன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க, பொண்ணை வரச் சொல்லுங்க மாமா" என்கிறாள். வந்து போ. யாராவது ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இனி அப்படி ஒரு காகிதம் உன் மேசைக்கு வந்தால், எழுதுவதற்கு முன் அந்த ஊருக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. பிறகு உனக்குச் சரியென்று பட்டதை எழுது. அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. பட்ஜெட், வளர்ச்சி எதையும் அதில் விளக்காதே. சித்தப்பாவைக் கடைசியாக நீ எப்போது பார்த்தாய், என்ன பேசினீர்கள், அவன் எதற்குச் சிரித்தான், அதை எழுது. அவள் அதைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா