அரை மணித்தியாலம்

திருகோணமலை
2006 ஏப்ரல் 3

அன்புள்ள அன்ஸார்,

இதை டிரைவர் ஜமால்தீனின் அம்புலன்ஸில் கொடுத்துவிடுகிறேன். உன் ராத்தா நஜ்முன் நிஸா அக்காவுக்கு மூச்சிழுப்புக் குறைந்ததா? படிக்கிற காலத்தில் உன்னைவிட எனக்குத்தானே அவ கூடச் சோறு போட்டவ!

நாங்கள் வேலை செய்யும் நிவாரணக் கந்தோர்களின் கணினி நேர விஷயம் முடிவாயிற்று. செய்மதியில் நேரம் எடுக்கும் கருவிக்கு இராணுவம் அனுமதி தராது. ஆளாளுக்குக் கையால் வைத்தால் போன மாதக் கதைதான். உன் கணினி பத்து நிமிடம் பிந்தியதால், ஆறு மணிக்கு இராணுவச் சோதனைச் சாவடி மூடிய பிறகு அம்புலன்ஸ் போய், ஜமால்தீன் துவக்குக்கு முன்னால் கைதூக்கினார். ஆகவே இங்குள்ள பெரிய கணினி இணையத்தில் நேரம் எடுக்கும். போன் லைன் வரும்போது உன்னுடையது இதனிடம் கேட்டுத் திருந்தும். ஆறு தாண்டினால் சாவடி கடக்கிற பாஸ் கணினியில் அச்சாகாது. பாஸ் இல்லாமல் சாவடியும் விடாது. உன் கை மட்டும் அதில் படக்கூடாது, ராசா.

குணம்

தோப்பூர்
ஏப்ரல் 8

அன்புக் குணம்,

ஓம், தொடமாட்டேன். உன்னோடு சண்டை பிடிக்க ஏலாது. ராத்தா இழுப்போடு இழுப்பாக நீ மெலிந்துவிட்டாயோ என்று கேட்கிறா.

ஒரு சந்தேகம். பதினைந்தாம் திகதி அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறதாம். நான் என்ன செய்ய?

அன்ஸார்

திருகோணமலை
ஏப்ரல் 11

அன்ஸார்,

ஒன்றும் செய்யாதே. உன் கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் கணினியை நம்பு. சித்திரை வருசத்துக்கு வீட்டுக்குப் போகிறேன். பலகார டின் முந்தி வருகிறது. டின்னை அக்கா வழமைபோலத் தொதல் நிரப்பித்தான் திருப்பி அனுப்பவேணும்.

குணம்

தோப்பூர்
ஏப்ரல் 19

குணம்,

ராத்தா மௌத்தாகிவிட்டா.

பதினைந்தாம் திகதி பின்னேரம் மூச்சு முட்டியது. அம்புலன்ஸில் ஏற்றிவிட்டுப் பாஸ் எடுக்க ஓடினேன். ரேடியோ கேட்டுத் திருத்திய என் கைக்கடிகாரத்தில் ஐந்து நாற்பது. கணினியில் ஆறு பத்து. பாஸ் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. "நேரத்தை மாத்திப்போட்டு அடிங்க, கால் மணித்தியாலத்தில சாவடிக்குப் போயிருவன்" என்று ஜமால்தீன் கத்தினார். "குணம் பிழையா எழுதமாட்டான்" என்று சொன்னது நான்தான்.

அந்த நேரம் சாவடி திறந்துதான் இருந்ததாம். ராத்தா விடியும்வரை தாங்கவில்லை.

அன்ஸார்

திருகோணமலை
ஏப்ரல் 22

அன்ஸார்,

இணையம் தருவது உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே நேரம். எங்கள் நாட்டுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதை ஒவ்வொரு கணினியிலும் கையால்தான் மாற்றவேணும். இது எனக்குத் தெரிந்த விஷயம். வருச அவசரத்தில் யோசியாமல் எழுதினேன். நீ சரியாகத்தான் கேட்டாய். எனக்குச் சோறு போட்டவவை நானே கொன்றுவிட்டேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்போது நான் வரலாமா? ஒரு சொல் எழுது.

குணம்

தோப்பூர்
மே 25

திரு. குணரத்தினம் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் விளக்கத்தின்படி இக்கந்தோர்க் கணினியின் நேரம் கையால் திருத்தப்பட்டது. கத்தம் முடிந்துவிட்டது.

தங்கள் பலகார டின் இத்துடன் வருகிறது. மன்னிக்கவும், அதை நிரப்ப வீட்டில் ஆள் இல்லை.

இப்படிக்கு,
அ. அன்ஸார்