மற்றும் குழுவினர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருபத்தைந்து வயது வக்கீலைப் பாப்பா என்று எழுதுவது சரியில்லைதான், ஆனால் வேறு எப்படி ஆரம்பித்தாலும் நோட்டீஸ் அனுப்புவது போல இருக்கிறது. அப்பாவுக்கு முதுகு வலி பரவாயில்லை, மருந்துக் கடையில் உயரமான நாற்காலி ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். மாடி வீட்டுக்காரர் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை, நம் குளியலறைக் கூரையில் ஈரம் ஒரு தட்டு அளவுக்குப் பரவிவிட்டது, கேட்டால் நாளைக்கு ஆள் வருவார் என்கிறார், அந்த ஆள் நான்கு மாதமாக வந்துகொண்டே இருக்கிறார். நான் கண்ணாடி மாற்றிவிட்டேன், அது ஏன் என்று கீழே சொல்கிறேன். உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த உங்கள் அலுவலகச் செய்தி மடலும் போன செவ்வாய்க்கிழமை வந்தன. போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் என்றால் நீ சரிம்மா, சரிம்மா என்று ஏழெட்டுத் தடவை சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வக்கீல் அலுவலக மடலும் இதே வாரம்தான் வெளிவந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நம் வழக்கறிஞர்கள் என்னென்ன சாதித்தார்கள் என்று நான்கு பக்கம், பத்தொன்பது வருடமாக நான்தான் தொகுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுப்பேன், இந்த மூன்று மாதத்தில் நான் செய்தது என்று மேலே அச்சிட்டிருக்கும், அவர்கள் நிரப்பித் தருவார்கள், அதைப் படிக்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. இந்த முறை சீனியரின் மாப்பிள்ளை ஒரு கல்லூரியில் நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று சிறப்புரை ஆற்றியிருக்கிறார். நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் போனார் என்று டிரைவர் சொன்னார், அது மடலில் வராது. சொத்து வழக்கு பார்க்கிற மீசைக்காரருக்கு ஆண்டின் சிறந்த வழக்கறிஞர் என்று கேடயம் கிடைத்திருக்கிறது. கேடயம் கொடுத்த அந்த விருந்துக்கு எங்கள் அலுவலகம் இரண்டு மேசைகளை முழுதாகப் பதிவு செய்திருந்தது, மேசை பதிவு செய்த எல்லா அலுவலகத்துக்கும் ஆண்டின் சிறந்தவர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் மகுடம், மைல்கல், பெருமிதம் என்று எழுதி முடித்தேன். இந்தச் சொற்கள் என் கைக்குத் தானாக வருகின்றன, மூளைக்குத் தகவல் போவதில்லை.

முதல் பக்கம் முழுக்க நர்ஸ் வழக்கு. வேலை நேரத்தில் வார்டை விட்டுப் போய்விட்டார் என்று ஒரு மருத்துவமனை அந்தப் பெண்ணை நீக்கியிருந்தது, அதற்குச் சாட்சியாக அன்றைய பணிப்பதிவேட்டுப் பக்கத்தையும் நீதிமன்றத்தில் கொடுத்திருந்தது. முந்நூறு பக்க நகல்களை நான் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பதிவேட்டுத் தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் படிவ எண்ணும் அது அச்சான மாதமும் இருந்தன. சம்பவம் நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தாளே அச்சாகியிருக்கிறது. அதாவது பிறகு உட்கார்ந்து எழுதி வைத்தது. கண்ணாடி மாற்றியது இதனால்தான். சீனியர் அதை நீதிமன்றத்தில் பதினொரு நிமிடத்தில் எடுத்துச் சொன்னார், நன்றாகவே சொன்னார், அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நானும் ஒரு சீட்டு எடுத்து ஒரு வரி எழுதி மற்ற சீட்டுகளோடு வைத்தேன். மருத்துவமனை வழக்கில் பதிவேட்டின் தேதி முரணைக் கண்டறிந்தது, அவ்வளவுதான், மகுடம் எதுவும் இல்லை. சீனியர் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். "என்னம்மா இது, நாம எல்லாம் ஒரே குடும்பம். வீட்ல இன்னைக்கு யாரு சமைச்சாங்கன்னு வாசல்ல போர்டா மாட்டுவாங்க?" என்றார். பிறகு அவரே, "என் பேருக்குப் பக்கத்துல மற்றும் குழுவினர்னு போட்டுக்கோங்க, எல்லாரும் வந்துருவாங்கல்ல" என்று பெருந்தன்மையாக முடித்தார். போட்டேன். என் கையாலேயே தட்டினேன். சீனியரின் கூரிய பார்வை என்று ஒரு வாக்கியம் வேண்டும் என்றார், அதையும் எழுதினேன். அந்த வழக்கில் குழுவினர் என்பது ஒரே ஆள் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும், மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் அட்டெண்டர், "குழுவினர் வந்தாச்சு, இனி மீட்டிங் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிக் காப்பி வைத்துவிட்டுப் போனான். நானும் சிரித்தேன். அந்த வாரக் கடைசியில் நர்ஸ் நன்றி சொல்ல வந்தார், சீனியர் அறையில் அரை மணி நேரம் இருந்து அழுதுவிட்டு, வெளியே போகும்போது என் மேசைப் பக்கம் நின்று, "நீங்க இங்க டைப்பிங்கா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, தட்டிக்கொண்டுதானே இருந்தேன்.

இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. அப்பா உறையைக் கிழித்த வேகத்தில் மடலும் கொஞ்சம் கிழிந்தது. இளம் வழக்கறிஞர் பகுதியில் உன் படம், நன்றாக இருக்கிறாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய். கிடங்கு வழக்கில் எதிர்த்தரப்பின் நோட்டீஸ் கெடு தாண்டி வந்தது என்பதை நாட்களை மறுபடி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்த விழிப்பு உன்னுடையது என்று போட்டிருக்கிறது. உன் பெயர், பிறகு மற்றும் குழுவினர். நான் அதை இரண்டு தடவை படித்தேன், புதுக் கண்ணாடியோடு. பாப்பா, நான்கு மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்து மேசைப் பெண் கையை மடக்கி விரல் முட்டிகளைத் தொட்டுத் தொட்டு இந்த மாதம் முப்பத்தொன்று, இந்த மாதம் முப்பது என்று சின்னப் பிள்ளை மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாள், நாங்கள் எல்லோரும் சிரித்தோம் என்றாய். மறுநாள் போன் செய்து, "அம்மா, அவ எண்ணினது சரிம்மா, தொண்ணூறு நாள்னு இருக்கிறத அவங்க மூணு மாசம்னு நெனச்சுட்டாங்க, தொண்ணூத்திரெண்டு நாள் ஆகுது" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். அப்போது உன் குரலில் சந்தோஷம் இருந்தது, அது அவளுக்கான சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா அந்தப் பக்கத்தை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார். நான் எடுத்துவிட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, "உனக்குக் கிடைக்கலைங்கறதுக்காக அவளுக்கும் கிடைக்கக் கூடாதா?" என்றார். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிகக் கடுமையான பேச்சு அதுதான். அந்தக் கேள்வியை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீ பொய் எழுதிக் கொடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்து எழுதியிருப்பாள். உன் சீட்டில் நீ என்ன எழுதினாய் என்பது உனக்கும் அந்தத் தொகுத்தவளுக்கும்தான் தெரியும். மாதக் கடைசியில் நீ, பக்கத்து மேசைப் பெண் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மடல் வந்த பிறகு எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்துச் சந்தோஷப்பட எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

நான் ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று நீ பதிலுக்குக் கேட்கலாம், கேட்பாய். நாலரை மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பதிலுக்கு நானும் என் பெயர் எங்கே என்று கேட்கக் கூடாது, இப்படி யாரும் வாய் விட்டுச் சொல்லாத ஒரு ஏற்பாடு இருந்தது. உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியிருந்தது. இதை உன் தலையில் கட்டுவதற்காகச் சொல்லவில்லை, நீ காலேஜ் போன பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே, பழகிவிட்டது. உனக்கு அப்படி எந்த நாலரை மணியும் இல்லை. அதனால் மாதக் கடைசிக்கு முன்னால் போய், நாட்களை எண்ணியது அவள்தான் என்று சொல். வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, நகல் ஒன்று அவளிடமும் கொடு. வாயால் சொன்னால் உனக்கு நல்ல மனசு என்று பாராட்டி அத்தோடு விட்டுவிடுவார்கள், எங்கள் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம் இது. அதனால் இடம் அவளுக்குப் போய்விடுமா என்றால், போகலாம். போகாது என்று பொய்ச் சமாதானம் சொல்ல மாட்டேன். போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் அப்பாவின் மருந்து அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன, எடுத்துவிடலாம்.

பத்து வயதில் ஒரு நாள் என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து எங்கள் மடலைப் படித்துவிட்டு, "ஏம்மா இதுல உன் பேரே இல்ல?" என்று கேட்டாய், நான் சொன்ன காரணம் பிடிக்காமல் பென்சிலால் குழுவினரை அடித்துவிட்டு என் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு எழுதினாய். அந்தத் தாள் என் இழுப்பறையில் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன், எனக்கு வேண்டும். உன் மடலைத்தான் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதே இடத்தில் நான் பென்சிலால் அடித்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். நிரப்ப முடியவில்லை. அவளைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்கிறாய், பெயரை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நிரப்பி அனுப்பு, ஃபிரிட்ஜில் அதை நானே ஒட்டுகிறேன்.

கடைவாய்ப் பல்லைத் தள்ளிப் போடாதே, வலி நின்றுவிட்டது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், நல்ல தூக்கம் வரட்டும், தலை நிமிர்ந்து இரு. அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, இந்தக் கடிதத்தை அவர் படிக்கவுமில்லை, எனவே இதில் இருப்பதற்கு அவர் பொறுப்பில்லை.

இதை எழுதியது நான் மட்டும்தான்.

உன்
அம்மா