வெறும் வயிற்று மாத்திரை

கந்தப்பளை,
14 ஆகஸ்ட் 1961.

அன்பு மகள் மார்கிரட்டுக்கு,

இன்றோடு எனக்கு எழுபத்தொரு வயது நிறைகிறது. மூட்டுகளைத் தவிர மற்ற உறுப்புகள் சொன்னபடி கேட்கின்றன. நீயும் மருமகனும் லண்டனில் நலமாயிருக்க ஜெபிக்கிறேன், ஆனால் நீ நலமாயில்லை என்று உன் கடிதமே சொல்கிறது. கைமூட்டு வலிக்கு ஆஸ்பிரினை விடிந்ததும் வெறும் தேநீரோடு விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறாயாம், மாலையில் வலி திரும்பினால் கணக்குப் பாராமல் இன்னும் இரண்டோ மூன்றோ. போன கடிதத்தில் நான் வேண்டாமென்றதற்கு, அப்பா தோட்டம் முழுவதற்கும் கொடுத்த மாத்திரைதானே என்று பதில் எழுதியிருக்கிறாய். டிஸ்பென்சரின் மகள் என்பதற்காக உன் வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

நம் வீட்டுக்கு விறகு கொண்டுவரும் ராக்காயியைப் போன வெள்ளிக்கிழமை புதைத்தார்கள். முழங்கால் வலிக்கு டிஸ்பென்சரியில் வாங்கிய இதே மாத்திரைகளை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் போட மாட்டார்கள் என்று ரொட்டியைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியோடு மாத்திரையை மட்டும் விழுங்கி மலையேறுவாள். சாப்பிட்டுவிட்டுப் போடு என்றால், 'அட போங்கம்மா, வயிறு நெறஞ்சா மாத்திரை தூங்கிரும், பி.ஏ. படிச்ச காலுக்கு வலி வந்தாத்தான் தெரியும்' என்று என்னையே கேலி செய்வாள். இரத்தக் குறைவுக்கு இரும்புச்சத்து மருந்தும் குடித்து வந்தாள். அதைக் குடித்தால் மலம் கறுக்கும் என்பது இங்கே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே தாரைப் போலக் கறுத்து, ஒட்டி, நாறிப் போனபோதும் அவள் அஞ்சவில்லை. 'மருந்து வேலை செய்யுதுடி' என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அது மருந்தல்ல, வயிற்றுப் புண்ணிலிருந்து இறங்கிய இரத்தம். கொழுந்து பறிக்கும் மலையிலேயே இரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியில் உயிர் போய்விட்டது.

ஆகையால் கேள். வயிற்றில் ஆகாரமில்லாமல் மாத்திரையைத் தொடாதே. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். வலி குறையவில்லை என்று வேறொரு வலி மாத்திரையை அதனோடு சேர்க்காதே. வயிறு எரிந்தாலோ, மலம் கறுத்தாலோ, காரணம் கண்டுபிடித்துச் சமாதானமடையாமல் அன்றே டாக்டரிடம் போ. கர்த்தர் உன்னையும் மருமகனையும் காப்பாராக. காலைச் சாப்பாட்டை மட்டும் நீதான் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று. உன் அப்பா மாரடைப்பில் போனார் என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். மாரடைப்பல்ல. ஆறு மணிக்கு டிஸ்பென்சரிக் கதவைத் திறக்குமுன், இடுப்பு வலிக்கு அவரும் வெறும் தேத்தண்ணியோடு அதே மாத்திரையைத்தான் விழுங்கினார். இரும்பு மருந்தும் குடித்தார். கறுப்பைக் கண்டு ராக்காயி சொன்ன அதே காரணத்தைத்தான் தனக்கும் சொல்லிக்கொண்டார். கடைசியில், வாயிலிருந்த இரத்தத்தைத் துடைத்த துவாயை என் கையில் திணித்து, 'வெளிய சொல்லிராத, அப்பறம் சனங்க மருந்தெடுக்க வராம மந்திரிக்கப் போயிருவாங்க' என்றார். நான் சொல்லவில்லை. சனங்கள் தொடர்ந்து வந்தார்கள். ராக்காயியும் வந்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞானப்பூ