உப்பங்கரைச் செம்புக் கம்பியைத் தோண்டாதிருக்க விடுத்த ஓலை

உப்பு விளையும் கரையும் மரக்கலம் தங்கும் துறையும் குறைவின்றி வாழ்க. வெண்கோட்டு நாடாளும் மாவளத்தரையர் திருவடி தாங்கும் தலைமை அமைச்சர் ஆலங்காட்டு நக்கனார், உப்பங்கரைப் பட்டினத்துக் காவலர் எயினங்கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. நும் இல்லத்தார் நலமா, நும் காவல் நலமா என்று அமைச்சர் வினவுகிறார். இங்கே யாவரும் நலம். அமைச்சரின் அறிவு ஒன்றுதான் கலங்கிக் கிடக்கிறது. நடந்ததை நடந்தபடியே எழுதுக, தம்மைக் காக்க ஒரு சொல்லும் கூட்ட வேண்டா என்று அவர் பணித்தமையால், எழுத்தாணி பிடித்தவன் அவ்வாறே எழுதுகிறான்.

நும் பட்டினத்துப் பன்னிரு வணிக இல்லத்தாரும் மன்னரிடம் விண்ணப்பித்தது நீவிர் அறிந்ததே. சரக்குப் பட்டியலும் விலை விவரமும் கடல் கடந்து நொடியில் போய் நொடியில் வர, பண்டகசாலைதோறும் அகலக்கற்றை இணைப்பு வேண்டும் என்றும், வரும் அமாவாசைக்குள் அது கிடைக்காவிடில் அண்டை நாட்டுத் துறைக்குப் பெயர்ந்துவிடுவோம் என்றும் அவர்கள் கூறினார்கள். பன்னிருவரும் போய்விட்டால் அந்தத் துறையில் காக்கைக்குத்தான் வேலை என்று மன்னர் மொழிந்தார். அன்றிலிருந்து அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

புது வேலைக்குப் புதுக் கம்பிதானே வேண்டும்? மேட்டிலுள்ள தொலைபேசி இணைப்பகத்திலிருந்து பண்டகசாலைகள் வரை இரண்டு நாழிகை வழி புதைந்து கிடக்கும் செம்புக் கம்பி, மன்னரின் பாட்டனார் காலத்தில் தொலைபேசிக்கென்று இட்டது. மழை வந்தால் பேச்சுக்கே இருமுவது. ஆகவே அதைத் துறை முனையிலிருந்து தோண்டி எடுத்துக் குழியைக் காலி செய்க என்று அமைச்சர் நுமக்கு முத்திரை ஓலை விடுத்தார். புதுக் கம்பி எப்போது வரும் என்று மட்டும் கேட்க மறந்தார். அது வர ஓராண்டு ஆகும் என்பது, நும் ஆட்கள் தோண்டத் தொடங்கிய பிறகே தெரிந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று காலை கம்பிக் கண்காணி நங்கை சாத்தி அவைக்கு வந்து, பழைய கம்பியே போதும் என்று விண்ணப்பித்தாள். மனிதக் குரல் அந்தக் கம்பியின் அடி ஓரத்தில் மட்டுமே செல்கிறதென்றும், அதற்கு மேலுள்ள இடமெல்லாம் பாட்டனார் காலந்தொட்டு வெறுமனே கிடக்கிறதென்றும், இரு முனையிலும் பிரித்துக் கொடுக்க ஒரு சிறு பெட்டி வைத்தால், பேசுவோர் பேசவும் வணிகர் அனுப்பவும் ஒரே கம்பி ஒரே நேரத்தில் இடங்கொடுக்கும் என்றும் கூறினாள். ஓர் உறைக்குள் இரண்டு வாள் புகுமோ என்று அமைச்சர் மும்முறை கேட்டார். அவள் மும்முறையும் அதையே சொன்னாள்.

பின்னர் செய்தும் காட்டினாள். அமைச்சர் அடுத்த தெருவிலுள்ள தம் துணைவியார் கோதையாரோடு தொலைபேசியில் பேச, அதே கம்பியில் தொள்ளாயிரம் பக்கச் சரக்குப் பட்டியலை நங்கை சாத்தி அவ்வில்லத்துக்கு அனுப்பினாள். மிளகின் நிறை ஏதேனும் காதில் விழுகிறதா என்று அமைச்சர் வினவ, வழக்கமான புலம்பல் ஒன்றுதான் விழுகிறது, உணவு ஆறுகிறது என்று அம்மையார் விடையிறுத்தார். தம் புலம்பல் பட்டியலில் கலந்திருக்குமோ என்று ஐயுற்று, அங்கே போய்ச் சேர்ந்ததை வரவழைத்து அமைச்சர் பக்கம் பக்கமாகத் தேடினார், இல்லை. விளங்கியதோ என்று நங்கை சாத்தி பணிவோடு கேட்டபோது, விளங்கவில்லை, ஆனால் நடக்கிறது என்றார்.

அப்போதுதான் நும் மண்வெட்டிகள் அவர் நினைவுக்கு வந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததும் போதாமல், வெண்ணெயையும் மண்ணில் கொட்டச் சொல்லியிருக்கிறோமே என்று வாய்விட்டு அழுதார். துறையைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பண்டகசாலையிலும் மணி அடிக்கவில்லை. மேட்டு இணைப்பகத்தாரை அழைத்து, ஓடிப்போய்த் தோண்டுவோரைத் தடுக்கச் சொன்னார். முத்திரை ஓலை கண்டு தொடங்கினோம், முத்திரை ஓலை கண்டே நிறுத்துவோம், கம்பியில் வரும் குரல் எவருடையதென்று யார் கண்டார் என்று தோண்டுவோர் மறுத்ததாகச் செய்தி திரும்பியது. அச்சட்டம் அமைச்சரே வகுத்தது. அவர்கள்மீது குற்றமில்லை, ஒருவரையும் வைய வேண்டா.

ஆகையால் இவ்வோலை குதிரையில் வருகிறது. கண்ட கணமே தோண்டுவதை நிறுத்துக. எடுத்த கம்பியை உருக்காது, வெட்டாது, நிழலில் சுருட்டி வைக்க. அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள். நங்கை சாத்தி பெட்டிகளோடு புறப்பட்டுவிட்டாள். தோண்டல் பாதி வழிக்குள் போயிருந்தால் அந்நாளுக்குள் மீண்டும் புதைத்து இணைத்துவிடலாம் என்றும், பாதிக்கு மேல் போயிருந்தால் தன்னால் ஆகாது என்றும் சொல்லிச் சென்றிருக்கிறாள். வணிகர் எவரும் மூட்டை கட்டாதபடி இவ்வோலையை அவர்களுக்குப் படித்துக் காட்டுக. அமைச்சர் தவறினார் என்ற இடத்தை உரக்கப் படிக்க.

மன்னர் ஆணை இது. மீன் முத்திரை கீழே இட்டது. கண்டார் பணிக, காலம் தாழ்த்தாது செய்க. மறுமொழிக்குக் குதிரை வேண்டா. துறையிலிருந்து மேட்டை நோக்கிக் குழியோரமாய் நடந்து, கம்பி இன்னும் மண்ணுக்குள் இருக்கும் இடத்தை அடைந்ததும், அதன் முனையில் ஒரு தொலைபேசியைப் பூட்டிப் பேசுக. எத்தனை அடி நடந்தீர் என்பதை மட்டும் முதலில் சொல்லுக. அமைச்சர் தொலைபேசியருகே அமர்ந்திருக்கிறார். நீவிர் அதிகம் நடந்திருக்கலாகாதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.