பந்தியில் மாறிய எலும்பு

நாரின்
ஜூன் 9

மதிப்புக்குரிய தூருஸ்பெக் அண்ணனுக்கு,

நாரின் நகரத்துச் சக்கரவர்த்தியும், நானூறு செம்மறிகளின் தனிப்பெரும் தலைவனும், சொந்த வீட்டில் மட்டும் பேச்சுரிமை இல்லாதவனுமாகிய எசென்குல் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

பால் லாரி ஓட்டும் சாகின் நேற்று வந்து, செப்டம்பரில் மந்தையை ஒப்படைத்துவிட்டு நீங்கள் வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொன்னான். அதைக் கேட்டு நான் விட்ட பெருமூச்சில் எதிர்வீட்டுக் கூரைத் தகரம் பறந்து சீன எல்லையைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு கோடைகளாக என் மந்தையோடு மேலே மலை மேய்ச்சலில் இருப்பவர் நீங்கள். நீங்கள் ஒரு முறை முறைத்தால் ஓநாய்கள் புல் தின்னப் பழகிக்கொள்கின்றன. உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கூடாரம் ஒழுகுகிறதா? அதுதான் கோபமா? புதுக் கம்பளிக் கூரை, மாவு, தேயிலை, ஆடுகளுக்கு உப்பு எல்லாம் சாகினிடம் ஏற்றி அனுப்புகிறேன். மேலே போன் எடுக்காது. வேறு குறை இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
எசென்குல்


மேல்மேய்ச்சல்
ஜூன் 17

தம்பி எசென்குலுக்கு,

ஆடுகள் நலம். புல் நன்றாக ஏறியிருக்கிறது. ஒரு குட்டிக்குக் கால் ஒடிந்தது, கட்டுப் போட்டிருக்கிறேன். உப்பை எடுத்துக்கொண்டேன், அது ஆடுகளுக்கு. மற்றதையெல்லாம் திருப்பி அனுப்புகிறேன். கூடாரம் ஒழுகவில்லை.

உங்கள் மகன் கல்யாணத்தில் நான் உட்கார்ந்த பந்தியில் என்னைவிட மூத்தவர் யாரும் இல்லை. மூத்தவருக்கென்று வைக்கிற இடுப்பெலும்பு என் முன்னால் வந்திருக்க வேண்டும். அதைத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த இறைச்சி வியாபாரி எல்தியாருக்கு வைத்தீர்கள். என் கடைசி மகனைவிடச் சின்னவர் அவர். எனக்கு வந்தது இளவட்டங்களுக்கு வைக்கிற கீழ்க்கால் எலும்பு. கைதவறி மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதே பந்தியில் இருந்த என் மூத்த மைத்துனர், என் மனைவியின் உடன்பிறந்தவர், உங்களிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் பந்தி முழுக்கக் கேட்டது: "அவரு நம்ம ஆளுதானே, எதை வச்சாலும் சாப்பிட்டுக்குவாரு."

சாப்பிட்டேன். என் மனைவி அதற்குப் பிறகு தன் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

தூருஸ்பெக்


நாரின்
ஜூன் 28

அன்பு அண்ணனுக்கு,

என் நாக்கைக் கட்டிவைக்க இந்த மாகாணத்தில் கயிறு போதாது. உண்மைதான். ஆனால் அண்ணே, இந்த வருஷத்துக் குட்டிகளையெல்லாம் வாங்குவதாகச் சொல்லி வந்தவன் எல்தியார். அவன் முகம் கோணக்கூடாது என்று பார்த்தேன். மற்றபடி அது வெறும் விளையாட்டுப் பேச்சு.

இறங்கி வாருங்கள். பத்து ஆடு வெட்டுகிறேன். பத்து ஆட்டின் இடுப்பெலும்பையும் உங்கள் முன்னால் குவிக்கிறேன், உச்சியில் பனி உறைகிற அளவுக்கு. ஊருக்குத் தெரிய வேண்டாம். நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவோம், கணக்குத் தீர்ந்துவிடும்.

உங்கள் தம்பி,
எசென்குல்


மேல்மேய்ச்சல்
ஜூலை 4

தம்பி,

பந்தியே பார்க்க எடுத்த மரியாதையை இருவராக உட்கார்ந்து திருப்பிக் கொடுத்தால் அது வெறும் கறி. ஆடுகளை வெட்ட வேண்டாம், கொழுக்கட்டும்.

தூருஸ்பெக்


நாரின்
ஜூலை 23

அண்ணனுக்கு,

அன்று பந்தியில் இருந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய் வந்தேன். முதலில் உங்கள் மூத்த மைத்துனர் சுயுன்பாய் வீடு. வழக்கம்போல ஒரு வேடிக்கையோடு ஆரம்பித்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வெளையாட்டா சொல்றதுன்னா வெளிய போய் மாட்டுகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றார். போனேன். மாட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்ப உள்ளே வந்து சொன்னேன்: "மூத்தவரு உட்கார்ந்திருக்கும்போது வியாபாரிக்கு வச்சேன். கேட்டதுக்குச் சிரிச்சேன். அவரு உழைப்புலதான் என் வீடு நிக்குது. தப்பு என்னோடது."

மற்ற வீடுகளிலும் இதையேதான் சொன்னேன். எல்தியாரிடம் போனில் சொன்னேன். தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான். குட்டிகளை வாங்க இனி வரமாட்டான்.

அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகலாம், எதிர்பார்க்கிறார்கள். உங்களை இருங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

எசென்குல்


மேல்மேய்ச்சல்
ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பி எசென்குலுக்கு,

உங்கள் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பால் பொங்குகிறது என்று சொல்லி வெளியே போனாள். அடுப்பில் பால் இல்லை.

கடிதம் வருவதற்கு முந்தைய வாரம் கிழக்குச் சரிவிலிருந்து ஒரு மந்தைக்காரர் வந்து தன் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றினால் பிறகு என்னை நம்பி யார் ஆடு விடுவார்கள்? நீங்களே விடமாட்டீர்கள்.

என் இடத்துக்குக் கலிக் என்பவரிடம் பேசியிருக்கிறேன். மந்தையை இறக்கும்போது அவரும் என்னோடு வருவார். குட்டிகளை நன்றாகப் பார்த்துக்கொள்வார். கூச்சக்காரர், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கமாட்டார். வந்ததும் உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். ஆடுகளைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

உங்கள் அண்ணன்,
தூருஸ்பெக்