ஓட்டாத கடைசி ரீல்

12-7-83 செவ்வாய்
புழுக்கம். மலை மேல் மேகம், மழை இல்லை. கணக்கு டெஸ்ட் 31/50.

மதியம் தியேட்டர் ஆப்பரேட்டர் ரூமுக்கு அப்பாவின் சோறு. காலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். எந்த நாட்டுப் படமோ. கறுப்பு வெள்ளை. பாட்டு, சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கிறார்கள். கிட்டே வரும்போதெல்லாம் ஒருத்தி மற்றவளையே பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

கீழே ஒரே ஊளை. "டேய் ஆப்ரேட்டரு, தூங்கறியா? பிட்டு போட்றா!" பீடி நாற்றம், எச்சில்.

பிட்டு என்றால் நடுவில் அப்பா ஒட்டும் ஆபாசத் துண்டு. இந்தப் படத்தில் இல்லாதது. அது வரும் முன் அப்பா, "சோத்த வச்சிட்டுக் கெளம்புடி." ராத்திரி அதே கையால் முறுக்கு நீட்டினார். குமட்டியது.

13 புதன்
என் கிளாஸ் ஷமீம் வீட்டு மாடியில் காய்ந்த துணி எடுத்தோம். போர்வையின் ஒரு முனை நான். கிட்டே வந்ததும் மடிக்க மறந்து அவளையே பார்த்தேன்.

"இன்னாடி, ஜொரமா?"

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு படத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கடைசில இன்னாச்சி? ஒண்ணாவே இருந்தாங்களா? பாத்துட்டு வந்து சொல்லு."

14 வியாழன்
படத்துக்குக் கடைசி நாள். வயிற்றுவலி என்று பொய் சொல்லி ஸ்கூலிலிருந்து சீக்கிரம். பிட்டு முடியும்வரை படியில் காத்திருந்தேன். முடிந்ததும் கூட்டம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனது. அப்பா மெஷினை நிறுத்திவிட்டார்.

"இன்னும் ஒரு ரீலு இருக்கேப்பா?"

"அத்த ஒருநாளும் ஓட்டல. சனம் போனப்புறம் யாருக்குடி ஓட்றது? மெஷின்ல எரியற கார்பனு வீணு."

எனக்கு. மனசுக்குள்தான் சொன்னேன்.

"நீ இன்னாத்துக்குக் கேக்கற?" நிமிர்ந்து பார்த்தார். தூக்குச்சட்டியோடு ஓடிவந்துவிட்டேன்.

15 வெள்ளி
படப்பெட்டி காலை பஸ்ஸில் போய்விட்டது. அந்த இரண்டு பெண்களும் என்ன ஆனார்கள் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

சாப்பாட்டு பெல்லில் ஷமீம், "முடிவு?" என்றாள். பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் பயம். "ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிடுதுடி. மத்தவ அந்தக் கல்யாணத்துல ஓடி ஓடி வேல செய்றா."

"தூ. இதுக்கா சத்தியம் வாங்கின?" டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே.

நடுவில் அப்பா ஒட்டினார். கடைசியில் நான் ஒட்டினேன். சீ. அவர் கையைப் பார்த்துக் குமட்டியதே, இப்போது என் வாயைக் கழுவிக் கழுவியும் அந்த அசிங்கம் போகவில்லை.

நாளை பொய் என்று சொல்லிவிடலாம். எதுக்குடி பொய் சொன்னே என்பாள். கேட்டால், அந்தப் போர்வை மடித்த நாளிலிருந்து சொல்ல வேண்டும்.